பிபிம்பாப்: வீட்டில் செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிபிம்பாப் என்பது என்ன?

கொரிய மொழியில் ‘பிபிம்’ என்றால் கலந்து பிசைதல், ‘பாப்’ என்றால் சோறு. வாயகன்ற கிண்ணத்தில் சுடுசோற்றை இட்டு, அதன்மேல் கீரை, முளை, கேரட், காளான் முதலியவற்றை வட்டமாக அடுக்கி, நடுவில் முட்டையையோ இறைச்சியையோ வைத்து, கோச்சுஜாங் என்னும் நொதித்த மிளகாய் விழுதோடு பரிமாறுவார்கள். பிசைவது உண்பவரின் வேலை. மேலே வைக்கப்படும் காய்கறிப் பக்குவங்களுக்கு ‘நாமுல்’ என்று பெயர். பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்ற ஐந்து நிறங்களும் ஒரே கிண்ணத்தில் அமைய வேண்டும் என்பது கொரியர்களின் பழைய எண்ணம். கீரை பச்சைக்கும், கேரட் சிவப்புக்கும், முட்டையின் மஞ்சள் கரு மஞ்சளுக்கும், முளையோ முள்ளங்கியோ வெள்ளைக்கும், காளான் கறுப்புக்கும் பொருந்திவிடுவதால் இதற்காகத் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.

வீட்டில் இருக்கும் காய்களை ஒன்றாக வதக்கிச் சோற்றில் கிளறினால் போதாதா?

போதாது. இந்தப் பக்கம் முழுவதற்கும் அடிப்படையான செய்தி இதுவே என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிபிம்பாப்பில் ஒவ்வொரு காயும் தனியாக வேகிறது, தனியாக உப்புக் காண்கிறது, தனியாக எண்ணெய் காண்கிறது. கீரைக்கு 30 வினாடி போதும், சோயா முளைக்கு 7 நிமிடம் வேண்டும், கேரட்டுக்குச் சூடான எண்ணெயில் ஒரு புரட்டல் போதும். எல்லாவற்றையும் ஒரே வாணலியில் போட்டால் கீரை குழைந்து, முளை பச்சை வாடையோடு நின்று, மொத்தமும் நீர் விட்டுக் கூட்டுப் பதத்திற்கு வந்துவிடும். அந்த ஈரம் சோற்றை நனைத்த பிறகு எத்தனை கரண்டி கோச்சுஜாங் விட்டாலும் காரம்தான் தெரியும், சுவை தெரியாது.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது. அடுப்பிலிருந்து இறக்கிய ஒவ்வொரு நாமுலையும் ஒரு வாய் வெறுமனே எடுத்து உண்டு பார்க்கிறேன். அதை மட்டும் தொட்டுக்கொண்டு ஒரு கவளம் சோறு உண்ண முடியும் என்று தோன்றினால் அது கிண்ணத்திற்குப் போகலாம். தோன்றாவிட்டால் உப்போ எண்ணெயோ எள்ளோ இன்னும் வேண்டும். விழுது குறையை மூடி மறைப்பதற்காக வருவதன்று.

அப்படியானால் இது மீந்துபோன உணவைத் தீர்க்கப் பிறந்தது என்று சொல்வது தவறா?

தோற்றத்தைப் பற்றிப் பல கதைகள் உண்டு. முன்னோர் படையலில் வைத்த சோற்றையும் பக்குவங்களையும் வழிபாடு முடிந்தபின் உறவினர் ஒன்றாகக் கலந்து உண்டதிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். நடவுக் காலத்தில் வயலுக்குக் கொண்டுபோன உணவை ஒரே பாத்திரத்தில் கலந்து உண்டதிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். புத்தாண்டுக்கு முந்திய இரவில் பழைய ஆண்டின் பண்டங்களைத் தீர்த்துவிடும் வழக்கத்தையும் சொல்வதுண்டு. இவற்றில் எதையும் உறுதியான மூலமாகக் கொள்வதற்குச் சான்று இல்லை.

நமக்குக் கையில் கிடைப்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ‘சியுய்ஜொன்சொ’ என்னும் கையெழுத்துச் சமையல் நூல். அதில் உள்ள குறிப்பைப் படித்தால் மீந்த உணவு என்ற எண்ணமே வராது. சோற்றை நன்றாக ஆக்க வேண்டும், இறைச்சியை ஊறவைத்து வறுக்க வேண்டும், காய்களைத் தனியே வதக்க வேண்டும், நல்ல கடற்பாசியைப் பொரித்து நொறுக்க வேண்டும், எல்லாவற்றையும் சோற்றில் சேர்த்து எள்ளுப்பொடியும் எண்ணெயும் தாராளமாக விட்டுப் பிசைய வேண்டும், அதன்பின் மேலே முட்டை அடையின் துண்டுகளையும் சிறு இறைச்சி உருண்டைகளையும் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தக் குறிப்பில் கோச்சுஜாங் இல்லை. சிவப்பு விழுது இல்லாமல் பிபிம்பாப் இல்லை என்று நம்புகிறவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். எள்ளும் எண்ணெயும் நன்கு பக்குவமான காயும்தான் இந்தச் சோற்றின் அடித்தளம்.

ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும். தென்மேற்குக் கொரியாவின் ஜொன்ஜு நகரம்தான் இதற்கு மிகவும் பெயர் பெற்றது. அங்கே மாட்டிறைச்சிச் சாற்றில் சோறு ஆக்குவார்கள். சோயா முளையும், பச்சைப்பயற்று மாவில் செய்து கார்டீனியாக் காயால் மஞ்சள் நிறமேற்றிய கூழ்க்கட்டியும், சுவையூட்டிய பச்சை மாட்டிறைச்சியும் அந்த ஊர்க் கிண்ணத்தின் அடையாளங்கள். உணவுக் கலைக்கான யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களில் ஒன்றாக ஜொன்ஜு 2012இல் சேர்க்கப்பட்டது. தெற்கே ஜின்ஜுவிலும் பச்சை இறைச்சிதான் நடுநாயகம். அடுக்கிய நிறங்கள் பூப்போல் இருப்பதால் அதைப் ‘பூச்சோறு’ என்ற பொருளில் அழைப்பார்கள். மலைப்பகுதிகளிலும் கோயில்களை ஒட்டிய கடைகளிலும் காட்டுக்கீரைகள் மட்டுமே வைத்த பிபிம்பாப் கிடைக்கும்.

ஆன்தோங் நகரத்தின் வகை தனி. அதற்கு ‘ஹொத்ஜெசாபாப்’ என்று பெயர், அதாவது வழிபாடு நடக்காமலே செய்யும் படையல் சோறு. படையல் உணவில் மிளகாயும் பூண்டும் சேர்ப்பதில்லை என்பதால் இதைக் கோச்சுஜாங் இன்றிச் சோயா சாஸ் எனப்படும் சோயா சாற்றால் பிசைகிறார்கள்.

எந்த அரிசி வேண்டும்?

கொரியர்கள் உண்பது குட்டையான, ஒட்டும் தன்மையுள்ள பச்சரிசி. ஒட்டினாலும் மணிமணியாக நிற்கும். சுஷி அரிசி என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுவது இதே இனம், அதை வாங்கலாம். மூன்று நான்கு முறை கழுவி, 30 நிமிடம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டு, ஒரு பங்கு அரிசிக்கு 1.1 பங்கு நீர் வையுங்கள். குக்கரானால் ஒரு விசில் வந்ததும் தணலைக் குறைத்து 5 நிமிடம் வைத்து, அணைத்த பின் ஆவி தானே அடங்கும்வரை திறக்காமல் விடுங்கள். பிசையப்போகும் சோறு என்பதால் வழக்கத்தைவிட ஒரு மாற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது.

அந்த அரிசி கிடைக்காத இடத்தில் புதுப் பச்சரிசி ஓரளவு ஒத்துவரும், ஏனெனில் புது அரிசியில் ஒட்டும் தன்மை கூடுதல். புழுங்கலரிசியும் பாசுமதியும் வேண்டாம். அவற்றின் சோறு உதிர்ந்து விழுவதால் காயும் சோறும் ஒரே கரண்டியில் சேர்ந்து வருவதில்லை.

நான்கு பேருக்கு எவ்வளவு பொருள் தேவை?

அரிசி 400 கிராம், பாலக்கீரை 250 கிராம், சோயா முளை அல்லது நீளமாக வளர்ந்த பச்சைப்பயற்று முளை 250 கிராம், கேரட் பெரியதாக ஒன்று, சுக்கினி நடுத்தர அளவில் ஒன்று, ஷிடாக்கே அல்லது சிப்பிக் காளான் 150 கிராம், முட்டை நான்கு. இறைச்சி சேர்ப்பவர்கள் 200 கிராம் எடுத்துக்கொள்ளலாம். இவற்றோடு சோயா சாறு, வறுத்த எள்ளின் எண்ணெய், வறுத்த எள், பூண்டு, உப்பு, வதக்குவதற்கு மணமற்ற எண்ணெய் கொஞ்சம். சுக்கினி இல்லையென்றால் வெள்ளரிக்காயை மெல்லியதாக அரிந்து உப்பிட்டுப் பிழிந்து வைக்கலாம், கொரியாவிலும் அப்படிச் செய்வதுண்டு.

பசலைக்கீரையை மட்டும் எடுக்காதீர்கள். அதன் வழவழப்பு இந்த உணவுக்கு ஆகாது. கொரியக் கடைகளில் கிடைக்கும் கொசாரி என்னும் உலர்ந்த பெரணித் தண்டை வாங்கினால், நன்கு வேகவைத்து, நீரை மாற்றி மாற்றிப் பல மணி நேரம் ஊறவைத்த பிறகே சமைக்க வேண்டும். பெரணியில் இயற்கையாகவே நச்சுப் பொருள் உண்டு. முதல்முறை செய்பவர்கள் அதைத் தவிர்த்துவிட்டாலும் குறையொன்றும் இல்லை.

காய்களைப் பக்குவம் செய்யும் முறையைச் சொல்ல முடியுமா?

கீரையில் தொடங்குவோம், பெரும்பாலோர் சறுக்குவது அங்கேதான். கொதிக்கும் உப்பு நீரில் பாலக்கீரையைத் தண்டோடு போட்டு 30 வினாடியில் எடுத்துவிடுங்கள், உடனே குளிர்ந்த நீரில் முக்குங்கள். பிறகு பிழிய வேண்டும். கைப்பிடி அளவுள்ள உருண்டையாகச் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் முதலில் பச்சை நீர் ஓடையாக வரும், அடுத்த அழுத்தலில் சொட்டுச் சொட்டாக வரும், மூன்றாம் அழுத்தலில் விரலிடுக்கில் ஈரம் மட்டும் தெரியும். அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் பிழிந்தால் கீரை நாராகிவிடும். 250 கிராம் கீரை இப்போது ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருக்கும். அதை மூன்று நான்கு துண்டாக வெட்டி, உதிர்த்து, கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி நசுக்கிய பூண்டு, ஒரு தேக்கரண்டி எள் எண்ணெய், நுணுக்கிய எள் சேர்த்து விரல்நுனியால் பிசிறுங்கள். கரண்டி வேண்டாம். கொரியர்கள் நாமுலைக் கையாலேயே பிசிறுவார்கள். கையால் கலந்து பழகிய நமக்கு அதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நான் முதலில் செய்த இரண்டு மூன்று முறையும் கீரையை வடிதட்டில் போட்டு நீர் வடிந்துவிட்டது என்று நம்பினேன். கிண்ணத்தின் அடியில் பச்சை நீர் தேங்கிய பிறகுதான் வடிவது வேறு, பிழிவது வேறு என்று புரிந்தது.

சோயா முளைக்கு ஒரு விதி உண்டு. பாத்திரத்தில் முளையையும் அரைக் கோப்பை நீரையும் உப்பையும் இட்டு மூடி அடுப்பில் வைத்தால், 7 நிமிடம் ஆகும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சோயாவில் உள்ள நொதிப்பொருள் இளஞ்சூட்டில்தான் வேலை செய்து பச்சை வாடையை உண்டாக்குகிறது. நடுவில் திறந்தால் சூடு தணிந்து அந்த வாடை தங்கிவிடும். திறந்தே வேகவைக்க விரும்பினால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை திறந்தே வையுங்கள். பச்சைப்பயற்று முளைக்கு இந்தச் சிக்கல் இல்லை, கொதிநீரில் ஒரு நிமிடம் போதும். சுண்டலுக்குக் கட்டும் சிறு முளை இதற்கு உதவாது. வெளிச்சம் படாமல் மூடி, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை நீர் தெளித்து, 4 அல்லது 5 நாள் வளர்த்தால் விரல் நீளத்திற்கு வரும்.

வதக்க வேண்டியவற்றை வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்திற்கு என்ற வரிசையில் வதக்கினால் ஒரே வாணலியைக் கழுவாமலே முடித்துவிடலாம். அரைவட்டமாக அரிந்து 10 நிமிடம் உப்பிட்டுப் பிழிந்த சுக்கினி முதலில், தீக்குச்சி பருமனில் அரிந்த கேரட் அடுத்து, சிறிது சோயா சாறு விட்ட காளான் அதன்பின், இறைச்சி கடைசியில். சுக்கினிக்கும் கேரட்டுக்கும் பெருந்தீயில் ஒன்றரை நிமிடத்திற்கு மேல் தேவையில்லை. கடித்தால் மெல்லிய நறுக்கென்ற ஓசை எஞ்சியிருக்க வேண்டும்.

நம் நல்லெண்ணெயைப் பயன்படுத்தலாமா?

கொரிய எள் எண்ணெய் வேறு. அது எள்ளைப் பொன்னிறத்திற்கும் மேலாக வறுத்துப் பிழிவது. நிறம் தேன்போல இருக்கும், மணம் வறுத்த எள்ளின் மணமாகவே இருக்கும். நம் செக்கில் ஆட்டுவது வறுக்காத எள்ளை, அதிலும் வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்து ஆட்டுவது வழக்கம். இரண்டும் எள்ளிலிருந்து வந்தாலும் ஒன்றுக்கு ஒன்று ஈடாகாது. இந்த உணவுக்காக ஒரே ஒரு பொருளை மட்டும் கடையில் தேடி வாங்கப்போகிறீர்கள் என்றால், கோச்சுஜாங்கை விட்டுவிட்டு இந்த எண்ணெயை வாங்குங்கள் என்பேன்.

அதுவும் கிடைக்கவில்லையென்றால், எள்ளை வாணலியில் சிவக்க வறுத்து, சூடாக இருக்கும்போதே அம்மியிலோ உரலிலோ ஒன்றிரண்டாக நசுக்கி, நல்லெண்ணெயோடு சேர்த்து அரை மணி நேரம் வைத்துப் பயன்படுத்தலாம். எள் கருகிவிட்டால் கசக்கும், படபடவென்று பொரியும்போதே இறக்கிவிடுங்கள். வறுத்த எள்ளின் எண்ணெயை வதக்கப் பயன்படுத்தாமல் கடைசியில் சேர்ப்பதுதான் முறை, அடுப்பின் சூட்டில் அதன் மணம் போய்விடும்.

கோச்சுஜாங் எதிலிருந்து வருகிறது, கிண்ணத்திற்கு எப்படிக் கலப்பது?

மிளகாய்த்தூள், ஒட்டும் அரிசியின் மாவு, வேகவைத்து இடித்துக் கட்டியாக்கிப் பூஞ்சணம் பிடிக்கவைத்து உலர்த்திய சோயாவின் பொடி, முளைகட்டிய பார்லி, உப்பு ஆகியவற்றைக் கலந்து மண்சாடியில் மாதக்கணக்கில் வெயில் காட்டி நொதிக்கவைப்பது கோச்சுஜாங். சுன்சாங் என்னும் ஊர் இதற்குப் பேர்போனது. கொரியாவில் சோயா விழுதுகளும் சாறுகளும் செய்யும் மரபை யுனெஸ்கோ 2024இல் மானுடத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

சாடியிலிருந்து எடுத்த விழுதை அப்படியே போட்டால் கட்டியாகவும் உப்பாகவும் நிற்கும். நான்கு மேசைக்கரண்டி கோச்சுஜாங்குக்கு இரண்டு மேசைக்கரண்டி எள் எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி நீர், ஒரு தேக்கரண்டி வினிகர், கொஞ்சம் எள் சேர்த்துக் குழைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிண்ணத்திற்கு முதலில் ஒரு மேசைக்கரண்டி போதும், வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், எடுக்க முடியாது.

கோச்சுஜாங் கிடைக்காவிட்டால் சில்லி சாஸ் விடலாமா?

விடாதீர்கள். அதில் புளிப்பும் இனிப்பும் காரமும் உண்டு, நொதித்த சோயாவின் ஆழம் இல்லை. போலியாக ஒன்றைச் செய்வதைவிட ஆன்தோங் வழியில் போவது நேர்மையானது. மூன்று மேசைக்கரண்டி சோயா சாறு, ஒரு மேசைக்கரண்டி எள் எண்ணெய், பொடியாக அரிந்த வெங்காயத்தாள், எள், விரும்பினால் ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள். இதுவும் முழுமையான பிபிம்பாப்தான், பழமையில் குறைந்ததும் அன்று. காரம் உண்ணாத குழந்தைகளுக்கும் இதையே கொடுக்கலாம்.

சைவமாகச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். இறைச்சியை விட்டுவிட்டுக் காளானைக் கூட்டினால் போதும், முட்டைக்குப் பதில் டோஃபுவைப் பொரித்து வைக்கலாம். கொரியப் பௌத்த மடங்களின் சமையலில் இறைச்சியோடு பூண்டும் வெங்காயமும்கூட இல்லை, ஆகவே அவற்றைத் தவிர்ப்பவர்களுக்கும் முன்மாதிரி அங்கேயே இருக்கிறது. கவனிக்க வேண்டியது கிம்ச்சி என்னும் நொதித்த காய்கறி ஊறுகாயை. பக்கத்தில் வைக்கும் கிம்ச்சியில் உப்பிட்ட இறாலோ நெத்திலிச் சாறோ பெரும்பாலும் கலந்திருக்கும். மாட்டிறைச்சி சேர்த்து வறுத்த கோச்சுஜாங்கும் விற்பனைக்கு உண்டு, பல வகைகளில் கோதுமையும் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஆல்கஹாலும் உண்டு. இவற்றைத் தவிர்ப்பவர்கள் பொட்டலத்தின் மேல் அச்சிட்டதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

இறைச்சியும் முட்டையும்?

இறைச்சியை மெல்லிய கீற்றாக அரிந்து, ஒரு மேசைக்கரண்டி சோயா சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, பூண்டு, மிளகுத்தூள், சிறிது எள் எண்ணெய் சேர்த்து 20 நிமிடம் ஊறவைத்துப் பெருந்தீயில் வறுங்கள். ஜொன்ஜு வழியில் பச்சை இறைச்சி வைப்பதை வீட்டில் முயல வேண்டாம், அதற்கென்றே வெட்டிக் குளிரில் காத்த இறைச்சி வேண்டும். முட்டையை ஒருபுறம் மட்டும் பொரித்து மஞ்சள் கரு குழம்பாக இருக்கும்படி வைத்தால் பிசையும்போது சோற்றோடு கலந்து தனிச்சுவை தரும். கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முழுக்க வெந்த முட்டையே வையுங்கள்.

கற்பாத்திரத்தில் பரிமாறுவதை வீட்டில் செய்யலாமா?

அதற்குத் ‘தொல்சொத் பிபிம்பாப்’ என்று பெயர், தொல்சொத் என்றால் கல்லால் ஆன சட்டி. நம் வீடுகளில் வத்தக்குழம்பு வைக்கும் மாக்கல் சட்டி இருந்தால் அதிலேயே செய்யலாம், கொரியச் சட்டிக்கு இதைவிட நெருங்கிய உறவு வேறில்லை. சட்டி ஏற்கெனவே பழக்கப்பட்டதாக இருக்க வேண்டும். புதுக் கல்சட்டியை எண்ணெயும் மஞ்சளும் பூசி, வடித்த கஞ்சியைச் சில நாள் ஊற்றிவைத்துப் பழக்காமல் நேராகத் தீயில் வைத்தால் விரிசல் விட்டுவிடும்.

சட்டியின் உட்புறம் ஒரு தேக்கரண்டி எள் எண்ணெய் தடவி, ஆக்கிய சோற்றை மெதுவாக அழுத்திப் பரப்பி, காய்களை அடுக்கி, சிறுதீயில் தொடங்கி நடுத்தரத் தீக்குக் கொண்டுவாருங்கள். காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, பிறகு சீறும் ஓசை வரும், அதன்பின் அது சடசடவென்று மாறும். வறுத்த அரிசியின் மணம் எழும்போது அணைத்துவிடுங்கள், பெரும்பாலும் 8 முதல் 10 நிமிடம் ஆகும். அடியில் பொன்னிறமாக ஒட்டியிருக்கும் காந்தலுக்கு ‘நுருங்ஜி’ என்று பெயர். அதற்காகவே இந்த வகையைக் கேட்டு உண்பவர்கள் உண்டு. கல் நெடுநேரம் சூட்டை வைத்திருக்கும் என்பதால் மரப்பலகை மேல் வைத்துப் பரிமாறுங்கள், குழந்தைகளின் கை எட்டாத இடத்தில் வையுங்கள். கல்சட்டி இல்லாதவர்களுக்குக் கனமான இரும்புச் சட்டி ஏறத்தாழ அதே காந்தலைத் தரும்.

பிசைவதற்கும் முறை உண்டா?

உண்டு, பெரிய கட்டுப்பாடு இல்லை. நீள்காம்புக் கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டிப் புரட்டிக் கலப்பதே பொது வழக்கம். கரண்டி சோற்றை நசுக்கும், குச்சிகளால் கலந்தால்தான் மணி உடையாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். செய்து பார்த்ததில் அது உண்மைதான், ஆனால் பொறுமை வேண்டும். எதைக் கொண்டு கலந்தாலும் அரைகுறையாக நிறுத்தாமல் வெள்ளைச் சோறு கண்ணுக்குத் தெரியாதவரை கலந்த பிறகு உண்ணுங்கள். பக்கத்தில் சோயா முளை வெந்த நீரையே உப்பும் வெங்காயத்தாளும் இட்டுத் தெளிந்த ரசம்போல் வைத்துக்கொள்ளலாம்.

முதல் நாளே செய்து வைக்கலாமா?

நாமுல்களைத் தனித்தனி டப்பாக்களில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். கேரட்டும் காளானும் இன்னும் ஒரு நாள் கூடுதலாக நிற்கும், கீரையும் முளையும் முதலில் கெடும். உண்பதற்கு அரை மணி நேரத்திற்கு முன் வெளியே எடுத்து, தேங்கிய நீரை வடித்து, எள் எண்ணெய் ஒரு சொட்டு சேர்த்துப் பிசிறிக்கொள்ளுங்கள். கலந்துவைத்த கோச்சுஜாங் விழுது ஒரு வாரம் இருக்கும். கோச்சுஜாங் சாடியையும் திறந்த பின் குளிரில் வையுங்கள், மேற்பரப்பு கறுத்தால் அது கெட்டதற்கு அறிகுறி இல்லை.

சோற்றை மட்டும் அன்றன்று ஆக்குவதே சிறப்பு. மீந்த சோற்றை இரவெல்லாம் அடுப்பங்கரையில் விட்டுவைக்காமல் ஒரு மணி நேரத்திற்குள் பரப்பி ஆற்றிக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். வேகவைத்தாலும் சாகாத பாக்டீரிய வித்துகள் அரிசியில் உண்டு, வெதுவெதுப்பில் அவை முளைத்து உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. குளிரில் வைத்த சோற்றை அடுத்த நாள் ஆவி பறக்கச் சூடாக்கிக் கல்சட்டியில் இட்டால், புதுச் சோற்றைவிட ஈரம் குறைந்திருப்பதால் காந்தல் இன்னும் நன்றாகவே பிடிக்கும்.